அந்த 1080 டிஐ-யை வாங்கலாமா?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து கண்புரை ஆபரேஷன், வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவதிலேயே நாள் போய்விட்டது, அதுதான் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறாள், நேற்று கட்டிலில் படுத்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னாள். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கவினுக்காகப் பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாய், வாங்கலாமா என்கிறாய். அதே கார்டுதான் என் மேசைக்குக் கீழே மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதன் மேல் பிரியமும் உண்டு. ஆனாலும் வாங்கு என்று உடனே சொல்ல மாட்டேன். முதலில் கவின் என்னென்ன விளையாட்டு விளையாடப் போகிறான் என்று அவனையே உட்கார வைத்துக் கேள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஹாஸ்டல் அறை கம்ப்யூட்டரில் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 போட்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து விளையாடினோம். வேகம் போதாத விளையாட்டை ரெசல்யூஷனைக் குறைத்து எப்படியோ ஓட்டிவிடுவோம், ஆனால் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிடுகிற பிக்சல் ஷேடர் வேண்டும் என்று கேட்ட விளையாட்டு எதுவும் திறக்கவே திறக்காது. அந்த கார்டில் அது கிடையாது, அவ்வளவுதான். 1080 டிஐ இன்று கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறது. வேகம் இன்னும் இருக்கிறது, சில வசதிகள் இல்லை, அவற்றைப் பிறகு சேர்க்கவும் முடியாது.

வேகம் என்றால் சாதாரண வேகம் இல்லை. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்த கார்டு, 3584 கோர், 11 ஜிபி ஜிடிடிஆர்5எக்ஸ் மெமரி, சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் பஸ் என்கிற பாதை 352 பிட் அகலம், அதில் நொடிக்கு 484 ஜிபி தரவு போய்வரும். அடுத்த வருடம் அதே 699 டாலர் பட்டியல் விலையில் ஆர்டிஎக்ஸ் 2080 வந்தபோது ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரைவது) இல்லாத விளையாட்டுகளில் வேகம் ஏறக்குறைய இதே அளவுதான், மெமரியோ 8 ஜிபி. பல பேர் 1080 டிஐ-யை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்ததற்கு அந்த 11 ஜிபிதான் காரணம் என்பது என் கணிப்பு. இப்போதைய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை, உயர்த்தி வைத்தால் 8 ஜிபி கார்டு மூச்சு வாங்குகிறது, இது அந்த இடத்தில் தாங்கிவிடுகிறது.

அது என்ன 11, ஒரு மாதிரியான எண்ணாக இருக்கிறதே என்று எனக்கு வெகுநாள் கேள்வி இருந்தது. போன வருடம் சிப்பின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டை மாற்றக் கழற்றினேன். நடுவில் பெரிய சிப், சுற்றிலும் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்களாக மெமரி, ஒவ்வொன்றும் 1 ஜிபி. எண்ணிப் பார்த்தால் பதினொன்று, பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக, சால்டர் புள்ளிகளோடு கிடந்தது. அந்த சிப்பின் முழு பஸ் அகலம் 384 பிட், இந்த கார்டில் 32 பிட்டை அடைத்துவிட்டு 352 ஆக்கியிருக்கிறார்கள், அதோடு ஒரு மெமரியும் போய்விட்டது. எண்களாக மட்டும் தெரிந்த விஷயத்தைக் கண்ணால் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இனி இல்லாதவை. ரே டிரேசிங்குக்குத் தனி கோர் கிடையாது. 2019-இல் டிரைவர் (கார்டை இயக்குகிற மென்பொருள்) வழியாக அதை ஓட்ட அனுமதித்தார்கள், ஆனால் நொடிக்கு வரும் ஃப்ரேம் எண்ணிக்கை அதல பாதாளத்துக்குப் போகும், பயனில்லை. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏஐ வைத்துப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டுகிற டிஎல்எஸ்எஸ் கிடையாது, ஏஎம்டியின் அதே மாதிரியான எஃப்எஸ்ஆர் இருக்கிற விளையாட்டுகளில் அதை வைத்துச் சமாளிக்கலாம். காட்சியின் வடிவங்களைச் சின்னத் துண்டுகளாக்கி வேகமாகக் கையாளுகிற மெஷ் ஷேடர் கிடையாது, அதனால்தான் 2023-இல் ஆலன் வேக் 2 வந்தபோது இது திணறியது, பிறகு வந்த அப்டேட்டில் ஓரளவு சரியானது. 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ், அதற்கடுத்த வருடம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கின்றன. அந்த மாதிரி விளையாட்டுகள் இனி கூடத்தான் செய்யும். டிரைவரும் அப்படித்தான், புது விளையாட்டுகளுக்கான டிரைவரை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், அதற்குப் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாகவும் என்விடியா அறிவித்துவிட்டது.

அதனால் கவின் நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடுகிறவன், ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய பெரிய விளையாட்டுகளை இப்போதுதான் தொடப்போகிறவன் என்றால் இந்த கார்டு அவனுக்குத் தாராளம். வருகிற புது விளையாட்டை எல்லாம் வந்த அன்றே விளையாட வேண்டும் என்கிறவனுக்கு இது ஆகாது, ஆர்டிஎக்ஸ் 3060 பார். 12 ஜிபி, 170 வாட், ரே டிரேசிங்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் உண்டு. பழைய பாணி விளையாட்டுகளில் 1080 டிஐ அதைவிட ஒரு அடி முன்னால் நிற்கும், ஆனால் அது 250 வாட் இழுக்கும், மின் கட்டணமும் அறைச் சூடும் அதற்கேற்ற மாதிரி. விலையைப் பொறுத்தவரை என் கணக்கு இதுதான்: பழைய 3060 உனக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரி, 1080 டிஐ அதில் பாதி அல்லது பாதியை ஒட்டி வந்தால் வாங்கலாம், முக்கால்வாசி கேட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள். அப்போது எவ்வளவு கொடுத்து வாங்கினேன் தெரியுமா என்று விற்கிறவர் சொல்லத்தான் செய்வார், அதை விலையில் சேர்க்காதே.

அப்புறம், நேரில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதே. நான் வாங்கும்போது ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுத் தூக்கி வந்தேன். வீட்டில் அரை மணி நேரம் விளையாடியதும் 84 டிகிரி, ஃபேன் இரண்டில் ஒன்று தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி சத்தம். மைனிங்கில் (கிரிப்டோ நாணயத்துக்காக இடைவிடாமல் கணக்குப் போட வைப்பது) ஓடிய கார்டு என்று பிறகுதான் விற்றவர் ஒத்துக்கொண்டார். மைனிங்கில் இருந்ததாலேயே சிப் கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை, ஆனால் ஃபேன் தேயும், பேஸ்ட் காய்ந்துபோகும். ஃபேனை மாற்றி, ஆறிப்போன சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்ட பிறகு 71-க்கு மேல் ஏறவில்லை. நீ குறைந்தது அரை மணி நேரம் ஓட்டு, ஃபேன் பக்கத்தில் காதை வைத்துக் கேள், கார்டின் விவரங்களைக் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 3584, 352 பிட், 11264 எம்பி என்று காட்டுகிறதா பார். கார்டுக்குள் இருக்கிற பயாஸ் மென்பொருளை மாற்றி வேறு பெயரில் விற்கிற கார்டுகள் நடமாடுகின்றன, அதை மறந்துவிடாதே.

இன்னொன்று, இதற்கு 8 பின் ஒன்று, 6 பின் ஒன்று என்று இரண்டு பவர் கேபிள் வேண்டும், 600 வாட் பவர் சப்ளையும் இருக்க வேண்டும். கவின் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. முதுகைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
செல்வா