12 என்று பொறித்திருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. வரிவரியாய் முறுக்கிய தமாஸ்கஸ் குழல் என்றால் தொடவே வேண்டாம், சாதாரண எஃகுக் குழலில் 12 என்று பொறித்திருந்தால் எந்த 12 எண் தோட்டாவும் பொருந்தும் என்கிறார் கட்டுரையாளர். பொருந்தும், வாஸ்தவம்தான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நான் நாற்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்று ஓய்வு பெற்றவன். வேட்டைக்கு அனுமதி உள்ள இடத்தில், உரிமமும் பருவச் சீட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாத்தும் புறாவும் சுடுகிறவன். எனக்குக் குதிரை, அதாவது விசையை அழுத்தினால் பாய்ந்து அடிக்கிற பாகம், வெளியே தெரிகிற பழைய வகைதான் பிடிக்கும். (கட்டுரையில் அதைச் 'சுத்தியல்' என்று போட்டிருந்தது கண்ணை உறுத்தியது. குதிரை என்ற நல்ல பழைய சொல் நம்மிடம் இருக்கும்போது சுத்தியல் எதற்கு?)

12 என்பது குழலின் அகலக் கணக்கு, அவ்வளவே. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 குண்டுகளாய் வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் 0.729 அங்குலம், அதாவது 18.5 மி.மீ. வரும். தோட்டா அமரும் அறையின் நீளத்தைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறையின் நீளம் 65 மி.மீ. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. இந்த 70 என்பது சுட்டபின் உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் 65 அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். விசையை அழுத்தினால் மடிப்பு விரிய இடம் இல்லாமல், அறைக்கு அப்பால் குறுகும் கூம்புக்குள் வாயை நீட்டும். ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், போகிற வழி அங்கே இறுகி, அழுத்தம் எகிறிவிடும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் துப்பாக்கி ஏலத்தில் வாங்கியது. எஃகுக் குழல், உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. "எந்தத் தோட்டாவும் போடலாம்" என்றார் விற்றவர். ஐந்தாவது வேட்டில் தோள் வலியோடு கட்டையின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன், முடி கனத்தில் ஒரு விரிசல் நகத்தில் தட்டுப்பட்டது. பழுது பார்க்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. அறையின் அளவியை உள்ளே விட்டார். அது 65க்கான கோட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு குழலின் சுவர்க் கனத்தை அளந்தார். முன்கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் 0.014 அங்குலம். விசிட்டிங் கார்டு கனம். துருக்குழிகளை மறைக்க யாரோ உள்ளே சுரண்டிச் சுரண்டி மெருகேற்றியிருக்கிறார்கள். நான் பார்த்து மயங்கிய பளபளப்பு அதுதான். குறைந்தது 0.020 இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் வழக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்காக வாழ்நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடு மல்லுக்கட்டியவன், சொந்தத் துப்பாக்கியை அளக்காமல் வாங்கியிருக்கிறேன்! அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்தத் துப்பாக்கி இப்போது சுவரில் தொங்குகிறது. அடுத்ததைத் தேட மூன்று வருடம் ஆனது. போகிற இடமெல்லாம் ஒரு துணிப்பை கூடவே வரும்: டார்ச், அளவிகள், ஒரு முழம் நூல்கயிறு, சிகரெட் தாள். குழலைக் கழற்றிக் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் மணி போல நீளமாக ஒலிக்க வேண்டும். சட்டி தட்டிய சத்தம் வந்தால், இரண்டு குழலையும் சேர்க்கிற பட்டையில் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, கட்டையைப் பிடித்து உலுக்கினால் கீல் ஆடக் கூடாது. குழலின் பின்முகத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் சிகரெட் தாளை வைத்து மூடினால் அது கவ்விக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் தேறாமல் நான் திருப்பி வைத்தவற்றில் சித்திரவேலை செய்தவை ஏராளம்.

பிறகு, குழலை மிகை அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துத் தேறினால் பொறிக்கும் சோதனைச்சாலை முத்திரைகள். லண்டன், பர்மிங்ஹாம் முத்திரைகளோடு குழலின் அளவும் அடியில் பொறித்திருக்கும். 13 என்று பொறித்திருந்தால் சோதனை செய்த நாளில் விட்டம் 0.710 அளவில் இருந்தது என்று பொருள். இப்போது அளந்தால் 0.729 காட்டுகிறதா? நடுவில் யாரோ குடைந்திருக்கிறார்கள். முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்து லியேஜ் நகரத்துச் சோதனை. இங்கிலாந்தில், பிற்காலத்துப் புகையில்லா வெடிமருந்துக்கான தனிச் சோதனை 1896 விதிகளோடுதான் வந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கி, பின்னால் மறுசோதனைக்குப் போயிருந்தால் ஒழிய, பழைய, புகை கக்கும் கரிமருந்துக்கு மட்டுமே தேறியது.

கடைசியில் கிடைத்தது பர்மிங்ஹாமில் செய்தது. கட்டுரையாளர் தொடாதே என்ற தமாஸ்கஸ் குழலேதான். இரும்பும் எஃகும் கலந்து முறுக்கிய பட்டையைக் கம்பியில் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய குழல். தேறின குழல் தேறினதுதான், தேறாத எஃகு தேறாததுதான். அளவி சொன்னதை வைத்தும், கரிமருந்தோடு நிறுத்திக்கொண்டும் பத்துப் பருவம் சுட்டுவிட்டேன். 3 டிராம் (பழைய ஆங்கிலேய எடை) கரிமருந்து, ஏறக்குறைய 5.3 கிராம், ரவை 30 கிராம். வாத்துக்கு, எஃகைவிட மிருதுவான பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை, ஏனென்றால் எஃகு ரவை இந்த மெல்லிய குழலுக்கு ஆகாது.

திறப்பது, விசைக்காப்பின் கீழே பக்கவாட்டில் திருப்புகிற நெம்புகோலால். ஹென்றி ஜோன்ஸ் 1859இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. மெதுவானது, ஆனால் கெட்டி. வாத்துக்கூட்டம் தலைக்கு மேல் போகும்போது நான் இன்னும் தோட்டா போட்டுக்கொண்டிருப்பேன். கூட வருகிற பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோரையில் உட்கார்ந்திருக்கையில் குதிரை இரண்டும் இறங்கியே இருக்கும். பறவை வரம்புக்குள் வந்தபின் வலது கட்டைவிரல் குதிரையை ஏற்றும், 'டிக்' என்ற அந்தச் சத்தத்தில் கண்ணும் கூர்மையாகிவிடும். சுட்டதும் முன்னால் வெள்ளைப் புகைத் திரை. பறவை விழுந்ததா என்று பார்க்கக் குனிந்து புகைக்கு அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். குதிரை வெளியே தெரியாத ஆன்சன்–டீலி வகை 1875இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் லண்டன் பர்டி கம்பெனி செய்த, குதிரை வைத்த துப்பாக்கியைத்தான் விரும்பிச் சுட்டார். அவருக்குத் தோட்டா போட்டுக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தார் என்பது வேறு கதை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1867இல் ஸ்டாண்டன் காப்புரிமை பெற்ற, அடித்தபின் தானே பின்வாங்கும் குதிரை எல்லாத் துப்பாக்கியிலும் கிடையாது. பின்வாங்காத வகையில், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குதிரையைப் பாதி ஏற்றாமல் தோட்டாவோடு மூடினால், மூடும்போதே வெடிக்கலாம்.

வேட்டை முடிந்த அன்றே குழலைச் சுடுநீரில் கழுவ வேண்டும். கரிமருந்தின் உப்புக் கசடு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் மட்டும் தடவினால் கசடு எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். நான் இருமுறை கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் போடுவேன்.

இன்னொரு விட்டுப்போன செய்தி. 20 எண் தோட்டா 12 குழலுக்குள் நழுவிக் கூம்பில் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழலும் போச்சு, கையும் போச்சு. 20க்கு மஞ்சள் நிறம் வைத்திருப்பதே இதற்காக. இரண்டு எண்ணையும் ஒரே பையில் போடாதீர்கள்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கக்கூடும். உரிம விஷயத்தை முதலில் விசாரித்துக்கொள்ளட்டும். 12 எண் தோட்டா பற்றிய அந்த வரிக்கு, வருகிற ஞாயிறே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஆறாம் பக்கத்து அடிமூலையில் வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கடைசல்காரன்