உன் 110 சிசி வண்டியைப் பற்றி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆயுத பூஜை நெருக்கத்தில் பட்டறையில் கால் வைக்க இடமில்லாமல் வண்டிகள் நின்றதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சின்னவன் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான், விடுதியில் இருக்கிறான். மகள் கல்யாணம் முடிந்து, பேங்க் வேலையும் முடிந்து, வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வரியிலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வரை போய் வந்தேன் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அந்தக் கஷ்டம் போய்விட்டது.

ஆனால் அங்கே வந்திருந்த பைக் குழுவில் ஒருவர் உன் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது காய்கறி வாங்கப் போற வண்டி, இதெல்லாம் பைக்கா?" என்று கேட்டாராம். நீயும் சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து 650 சிசி வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். "உண்மையைச் சொல்லு, நானெல்லாம் பைக் ஓட்டுகிறவன் கணக்கில் சேர்த்தியா?" என்று என்னிடம் கேட்கிறாய். மற்ற சமாச்சாரத்தையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்கிறேன். இது முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

அந்த ராயல் என்ஃபீல்டு 650 உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கு. நல்ல வண்டி. 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், நம் சென்னைக்குப் பக்கத்திலேயே செய்கிறார்கள். அந்த இன்ஜினின் சத்தமே ஒரு சுகம். ஆனால் யாரோ ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக வாங்காதே. அந்தக் கேள்விக்குப் பதில் ஷோரூமில் கிடைக்காது.

இத்தனை வருஷமாக வண்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று பழகிவிட்டது. ஆளைப் பார்க்காமலேயே, கழற்றி வைத்த சாமானைப் பார்த்து அவர் எப்படி ஓட்டுகிறவர் என்று சொல்லிவிடுவேன். கிளட்ச் பிளேட் கருகிப் போயிருந்தால் எப்போதும் அரைக் கிளட்சில் விரலை வைத்தே ஓட்டுகிறவர். செயின் ஓடுகிற ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பிரேக் ஷூதான். பின்சக்கரத்து ஷூ தேய்ந்து லைனிங்கே இல்லாமல் இரும்பு தெரியும். அதே வண்டியில் முன்சக்கரத்தைக் கழற்றினால் ஷூ புதுசாகப் போட்டது போலவே இருக்கும். அப்படியென்றால் அந்த மனிதர் இத்தனை ஆயிரம் கிலோமீட்டரும் முன் பிரேக்கைத் தொடாமலே ஓட்டியிருக்கிறார்!

கேட்டால், "முன் பிரேக் பிடிச்சா கவுத்துடும்ணே" என்பார்கள். நமக்கும் சின்ன வயதில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள். வண்டி நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்னால் வந்து முன்சக்கரத்தை ரோட்டோடு அழுத்தும். பின்சக்கரம் லேசாகிவிடும், அதை எவ்வளவு மிதித்தாலும் வழுக்கத்தான் செய்யும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. கவிழ்ப்பது பிரேக் இல்லை, பயத்தில் ஒரேயடியாக இறுக்கிப் பிடிக்கிற கைதான். அதுவும் மணலிலோ, வளைவில் சாய்ந்திருக்கும்போதோ இறுக்கினால் கீழே போட்டுவிடும். முதலில் லேசாகப் பிடித்து, பாரம் முன்னால் வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டவரை நான் மதிப்பேன், அவர் எந்த வண்டியில் வந்தாலும் சரி.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கட்டாயம் என்று வந்தது. அதற்குக் கீழே இருப்பவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிற சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். உன் வண்டியில் சிபிஎஸ்தான். சக்கரம் வழுக்குவதை உணர்ந்து பிரேக்கை விட்டுப் பிடிக்கிற வேலையை உன் வண்டியில் உன் விரல்தான் செய்ய வேண்டும். பெரிய வண்டியில் அதை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும். திறமை யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று நீயே சொல்லு.

கொல்லிமலைக்காரர் ஒருவர் என்னிடம் சர்வீஸ் விடுவார். செம்மேடு பக்கம் தோட்டம். 97 சிசி ஸ்ப்ளெண்டர், அதுவும் பழசு. பின்னால் இரண்டு பக்கமும் சாக்கு கட்டி மிளகு, அன்னாசி, வாழை என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதைக் கீழே கொண்டுவருவார். காரவள்ளி வழியில் எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, உனக்குத் தெரியும். ஒருநாள் மேலே ஒரு வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவர் பின்னாலேயே இறங்கினேன்.

மாப்ளே, அது பார்க்க வேண்டிய காட்சி. இரண்டாவது கியரிலேயே இறங்குகிறார், நியூட்ரலில் உருட்டுகிற பேச்சே இல்லை. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் கொஞ்சம் பிடிப்பார், அப்புறம் விட்டுவிடுவார். பிரேக் ஷூ உரசுகிற டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது என்பது அவருக்குப் பாடம் படித்து வந்ததில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி, முன் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமலேயே சூடு பார்த்துவிட்டு ஒரு பீடி பற்ற வைத்தார். அது ஆறுகிற வரைக்கும் அங்கேயே நின்றோம்.

அதைவிட, அவர் கண் போகிற இடத்தைத்தான் நான் கவனித்தேன். முன்னால் இருக்கிற வளைவை அவர் எப்போதோ பார்த்து முடித்துவிட்டார். மரங்களுக்கு இடையில் கீழே தெரிகிற ரோட்டைப் பார்க்கிறார். இரண்டு வளைவு தள்ளி பஸ் ஏறி வருவது தெரிந்தால், தான் வளைவுக்குள் நுழையாமல் மேலேயே ஓரம்கட்டி நின்றுவிடுகிறார். கொண்டை ஊசியில் பஸ் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், உள்ளே போய் மாட்டிக்கொண்டால் பின்னால் போகவும் முடியாது. பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். எழுபது வளைவும் இப்படித்தான். ஒரு இடத்தில்கூட அவர் அவசரப்பட்டு எதையும் பிடிக்கவில்லை, திருப்பவில்லை.

அவரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரே அளவுகோல்தான். மிச்சம் வைத்து ஓட்டுகிறாரா என்று பார்ப்பேன். பிரேக்கில் கொஞ்சம் மிச்சம், சாய்வதில் கொஞ்சம் மிச்சம், ரோட்டின் அகலத்தில் கொஞ்சம் மிச்சம், நேரத்திலும் கொஞ்சம் மிச்சம். டயருக்கு ரோட்டின் மேல் இருக்கிற பிடிமானம் ஒரு அளவுதான். அதைத் திரும்புவதற்கும் செலவழிக்க வேண்டும், நிற்பதற்கும் செலவழிக்க வேண்டும். மொத்தத்தையும் திரும்புவதிலேயே தீர்த்துவிட்டால், எதிரே ஓர் ஆடு குறுக்கே வரும்போது நிற்பதற்குக் கையில் ஒன்றுமிருக்காது. 97 சிசிக்கும் 650 சிசிக்கும் இது ஒரே கணக்கு.

வேகத்தில் போகும்போது இந்த மிச்சம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. காய்ந்த நல்ல ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சரியாகப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 9 மீட்டரில் நின்றுவிடலாம். 80-ல் போனால் 36 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்தால், அந்த ஒரு விநாடியிலேயே 22 மீட்டர் ஓடியிருக்கும். உன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை நேரத்தில் முறுக்கிக்கொண்டு போகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்.

சின்ன இன்ஜினில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. எட்டுக் குதிரைத்திறனை வைத்துக்கொண்டு சாக்கு மூட்டையோடு மலை ஏறும்போது, வளைவுக்கு முன்னாலேயே சரியான கியர் விழுந்திருக்க வேண்டும். உள்ளே போன பிறகு மாற்றலாம் என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். துறையூர் ரோட்டில் லாரியை முந்த வேண்டுமென்றால் நீ முன்கூட்டியே பார்த்து, எதிரே எவ்வளவு தூரம் காலியாக இருக்கிறது, ஏற்றமா இறக்கமா, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் யோசித்துத்தான் வெளியே எடுக்க முடியும். பெரிய வண்டியில் இதெல்லாம் வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பினால் போதும். அதனால்தான் நேராகப் பெரிய வண்டியில் ஏறுகிற பையன்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. யோசிக்கிற பழக்கம் வருவதற்கு முன்னாலேயே வேகம் கைக்கு வந்துவிடுகிறது.

லாரி என்றதும் ஞாபகம் வந்தது. நம் ஊரே லாரி ஊர், டிரைவர்கள் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவர் கண்ணில் படவில்லை. அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்காதே.

ரேஸ் உலகத்திலும் சிசியை வைத்து யாரும் ஆளை எடைபோடவில்லை. ஆங்கெல் நியெட்டோ என்ற ஸ்பெயின்காரர் 1969-லிருந்து 1984 வரை பதின்மூன்று உலகச் சாம்பியன் பட்டங்கள் வாங்கினார். அத்தனையும் 50 சிசி, 125 சிசி பிரிவுகளில். பதின்மூன்று ராசியில்லாத எண் என்று அவர் அதைச் சொல்லவே மாட்டார், "12+1" என்றுதான் சொல்வார். இத்தாலிய ரேஸ் வீரர் அகோஸ்தினியின் பதினைந்து பட்டங்களுக்கு அடுத்தபடியாக அவர் கணக்குதான். 1967-ல் சுசுகி செய்த 50 சிசி ரேஸ் வண்டிக்கு 14 கியர் இருந்தது தெரியுமா? இன்ஜின் நன்றாக இழுக்கிற சுழற்சி வேகத்தின் எல்லை அவ்வளவு குறுகல், அதைவிட்டு மீட்டர் முள் இறங்கினால் வண்டி சாகும். ஒரு சுற்றுக்குள் எத்தனை முறை கியர் மாற்றியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்! நம் டிவிஎஸ் 50-க்கும் அதே 50 சிசிதான். நாம் அதில் மூன்று பேர் ஏறிப் படம் பார்க்கப் போனோம்.

அதற்காகப் பெரிய வண்டி வைத்திருப்பவரெல்லாம் பகட்டுக்கு வைத்திருக்கிறார் என்று நான் சொல்லவே மாட்டேன். என்னிடம் ஒரு பெண் வருகிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், 650 வைத்திருக்கிறாள். 200 கிலோவுக்கு மேல் எடை. ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது உடம்போடு அணைத்து நிமிர்த்துகிற விதத்திலேயே தெரிந்துவிடும், பழகிய கை. டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால்தான் பார்ப்பாள். சூடான டயரில் அளந்தால் அதிகமாகக் காட்டும் என்று எனக்கே ஒருமுறை நினைவூட்டினாள். சித்திரை வெயிலிலும் கையுறையும் ஷூவும் இல்லாமல் ஏறமாட்டாள். சைலன்சரை மாற்றிச் சத்தம் வைத்ததில்லை. டூட்டி முடிந்து தூக்கக் கலக்கமாக இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருவாள். அந்தக் கொல்லிமலைக்காரரும் இந்தப் பெண்ணும் என் கணக்கில் ஒரே ரகம்.

உன்னையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். தங்கச்சி பின்னால் ஏறினால் முந்தானையைச் செருகியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் கிளட்சை விடுவாய். ஹெல்மெட் பட்டையைப் போடாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாய். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிஷம் ரோட்டில் எண்ணெய் மிதக்கும் என்று ஓரமாக நின்று, நன்றாகக் கழுவிவிட்ட பிறகு கிளம்புகிற ஆள் நீ. அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் எத்தனை பேர் அப்படி இருந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் அடுத்த ஞாயிறும் போ. அவர்கள் வேகத்துக்கு இழுபடாதே, சேருமிடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு உன் வேகத்தில் போய்ச் சேர். காத்திருக்கமாட்டேன் என்கிற குழுவோடு போக வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் 650 ஆசை விடவில்லையென்றால் பொங்கலுக்கு இங்கே வா. அந்தப் பெண்ணிடம் கேட்டு, சேந்தமங்கலம் ரோட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உன்னை ஓட்ட வைக்கிறேன். மெதுவாகப் போகும்போது அந்த எடை எப்படி இருக்கிறது, யூ-டர்ன் அடிக்க முடிகிறதா, கால் ஊன்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்துகொள். நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிப் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள்தான் பின்னால் பார்க்கிங்கில் போட்டுவிட்டு வருந்துகிறார்கள்.

வருவதென்றால் உன் 110-லேயே வா. ஒரே மூச்சில் வராதே, விழுப்புரத்தில் ஒன்று, ஆத்தூரில் ஒன்று என்று நிறுத்தி நிறுத்தி வா. கிளம்புவதற்கு முன்னால் செயின் தொய்வைப் பார்த்து எண்ணெய் விடு. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். டயரில் உள்ள பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் மழையில் பிடிக்காது. முன்னாலும் பின்னாலும் இருக்கிற அந்த எண்களைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. மாற்ற வேண்டியிருந்தால் இங்கே டயர் வாங்கி வைத்துவிடுகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
நாமக்கல்