ஒரே பகிர்வு எல்லாவற்றுக்கும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் நிறுவல் வழிகாட்டிகள் பலவும் வட்டு முழுவதையும் ஒரே பகிர்வாக (பார்ட்டிஷன்) ஆக்கச் சொல்கின்றன. மடிக்கணினிக்கு அது போதும். ஆனால் இடைவிடாது இயங்கும் சர்வரில், பதிவுக் கோப்புகள் குவியும் ‘வார்’ கோப்பகத்துக்குத் தனிப் பகிர்வு ஒதுக்காவிட்டால், கட்டுமீறி வளரும் ஒற்றைக் கோப்பு இயங்குதளம் இருக்கும் மூலப் (ரூட்) பகிர்வையே நிரப்பி மற்ற சேவைகளையும் முடக்கிவிடக்கூடும்.

இதைவிடவும் கவனிக்கப்படாமல் போவது ஐநோடு எண்ணிக்கை. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைக் குறித்துவைக்கும் ஓர் ஐநோடு தேவை. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, பொதுவான இயல்பமைப்பில், 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஐநோடுகளை வடிவமைக்கும்போதே வகுத்துவிடுகிறது. 100 ஜிபி பகிர்வில் அது சுமார் 65 லட்சம். நான்கு கிலோபைட்டுக்குள் அடங்கும் மின்னஞ்சல்களைத் தனித்தனிக் கோப்புகளாக அங்கே சேமித்துவந்தால், ஏறத்தாழ கால்வாசி இடம் நிரம்பும்போதே ஐநோடுகள் தீர்ந்து, ‘இடமில்லை’ என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். ‘டிஎஃப்’ கட்டளையோ வட்டில் பெரும்பகுதி காலி என்றே காட்டும். ஐநோடு கணக்கைத் தனியே கேட்டால்தான் உண்மை தெரியும். இவ்விகிதத்தைப் பின்னர் மாற்ற முடியாது. தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, மறுபடி வடிவமைக்கத்தான் வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை தேவைக்கேற்ப ஐநோடுகளை உருவாக்கிக்கொள்ளும் என்றாலும், அதைப் பெரிதாக்குவதுபோல எளிதில் சுருக்க இயலாது. எனவே, எல்விஎம் (பகிர்வுகளின் அளவைப் பின்னர் மாற்ற உதவும் அடுக்கு) மீது அளவாகத் தொடங்கி, மிச்ச இடத்தை ஒதுக்காமல் வைத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எக்ஸ்ட்4 நிர்வாகிக்கென ஒதுக்கும் 5 சதவீதமும் கவனத்துக்குரியது. மூலப் பகிர்வில் அது அவசியம்; வெறும் தரவுக்கான 4 டிபி வட்டிலோ 200 ஜிபி வீணாகிறது. இதை மட்டும் பின்னரும் ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளை கொண்டு குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்