இரவுப் பணியும் செல்களின் கடிகாரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரும்பாலைகள் இரவு பகலாக ஓடும் பருவத்தையொட்டித் தங்கள் இதழில் வெளியான உடல்நலக் குறிப்பில், இரவுப் பணி செய்வோர் பகலில் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. உடலில் இருப்பது ஒரே கடிகாரம் என்றால் அந்த ஆலோசனை பொருந்தும்.

உண்மையில் நம் செல்களில் பெரும்பாலானவை தத்தமக்கெனக் கடிகாரம் வைத்திருக்கின்றன. சில மரபணுக்கள் புரதங்களை உண்டாக்குவதும், அப்புரதங்கள் பெருகியதும் அதே மரபணுக்களை அடக்குவதும், அவை சிதைந்தபின் உற்பத்தி மீண்டும் தொடங்குவதுமான சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம் பிடிக்கிறது. பழ ஈக்களில் இதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். முதன்மைக் கடிகாரம், மூளையில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்களால் ஆனது. எலியின் அச்செல்களைப் பிரித்தெடுத்து மின்முனைகள் பதித்த தட்டில் வளர்த்தபோது, ஒரு செல் மும்முரமாகத் துடிக்கும் வேளையில் அதே தட்டிலிருந்த இன்னொன்று ஓய்ந்து கிடந்ததை 1995இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மூளைக்குள் அவை ஒத்து நடப்பது, ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்திகளால்தான். அவற்றுள் முக்கியமானது விஐபி என்னும் சிறு புரதத் துணுக்கு. (ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை, முதலில் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் வந்த நீண்ட பெயரின் சுருக்கம் இது.) விஐபி இல்லாத சுண்டெலிகளில் பல செல்கள் தாளத்தையே இழந்தன, எஞ்சியவை ஆளுக்கொரு நேரம் காட்டின.

ஒளி வரும் நேரம் திடீரென மாறினால், கண்ணிலிருந்து நேரடியாகச் செய்தி பெறும் செல்கள் விரைவில் மாறிக்கொள்கின்றன; மற்றவை அவற்றோடு இணங்கச் சில நாட்களாகின்றன. கல்லீரலோ உணவு வேளையைப் பெரிதும் மதிக்கிறது. இரவில் இரைதேடும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவளித்தபோது கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பியது, மூளையின் கடிகாரமோ அசையவில்லை. விடியற்காலையில் ஆலையிலிருந்து வந்து, வயிறு முட்டச் சோறும் பருப்பும் உண்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்திலேயே படுக்கும் என் மருமகனின் உடலில் ஒரே நேரத்தில் எத்தனை மணி ஓடுகிறதோ, யார் கண்டது!

ஆகவே, நேர அட்டவணை போடும் மேலாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மனிதனின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால் தூங்கி எழும் பொழுதைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னிழுப்பது கடினம். முறைமாற்றம் தவிர்க்க முடியாதெனில் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் அமையட்டும். நள்ளிரவு உணவு எளிதாக இருக்கட்டும். பகலில் படுக்கும் அறைக்குக் கனத்த திரை போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்