அந்தச் சுவர் பச்சையா, நீலமா?: ஒளிவட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியீட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ‘தி வெர்ட்டிகல் ரே ஆஃப் தி சன்’ என்ற வியட்நாமியப் படத்தை வட்டில் வெளியிடும் உரிமை எங்கள் பகுதிக்கு உங்களிடம் இருப்பதால் இந்த மடலை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். இதே விஷயமாக இதற்கு முன் மூன்று முறை எழுதியதை நீங்கள் அறிவீர்கள். முதல் இரண்டுக்கும், மடல் கிடைத்துவிட்டது என்று கணினி தானாக அனுப்பும் பதில் வந்தது. மூன்றாவதற்குக் கடந்த மாதம் ஒரு மனிதரே பதில் எழுதியிருந்தார். அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் அந்தப் படத்தை வாங்க அதிகம் பேர் இல்லை என்பதால் புதிய பதிப்பு பற்றி இப்போதைக்கு யோசனை இல்லை என்று இரண்டே வரியில் அவர் கதவைச் சாத்திவிட்டார். அந்த இரண்டு வரிக்கு என்னுடைய பதில் கொஞ்சம் நீளம் என்பதால், அதை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். படம்பிடித்த மூலச் சுருளான நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்து, இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் பார்த்து ஒப்புக்கொண்ட நிறத்தில், டிவிடியைவிடத் தெளிவான புளூ-ரே வட்டாக வெளியிடுங்கள்.

படத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ட்ரான் ஆன் ஹுங் இயக்கியது. ஹனோய் நகரத்தில் மூன்று சகோதரிகளும் அவர்களுடைய சகோதரனும், அம்மாவின் நினைவு நாளில் தொடங்கி அப்பாவின் நினைவு நாள் வரை, ஏறத்தாழ ஒரு மாத காலம். கதை என்று சொன்னால் அவ்வளவுதான். நம் வீட்டுத் திதியைப் போலவே அங்கும் சமையலறையில்தான் எல்லாம் நடக்கிறது; சகோதரிகள் கோழியைச் சுத்தம் செய்துகொண்டே பேசக்கூடாததையெல்லாம் பேசிச் சிரிக்கிறார்கள். மூத்தவளின் கணவனுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு குடும்பம் இருப்பது அந்தச் சிரிப்புக்கு நடுவே மெல்லத்தான் நமக்குத் தெரியவருகிறது. வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைச் சுவரும் இலையும் ஈரமும் வெளிச்சமும் சொல்கின்றன. ஆகவே நிறம் இந்தப் படத்துக்கு அலங்காரம் அல்ல, நிறத்தை எடுத்துவிட்டால் படத்தில் பாதி வசனம் போய்விடும்.

இப்போது நீங்கள் எனக்கு விற்ற டிவிடிக்கு வருகிறேன்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். மாமா முப்பத்தைந்து ஆண்டுகள் பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். ராமர் பச்சை, கிளிப்பச்சை, மயில்கழுத்து, எம்.எஸ். புளூ என்று கேட்டால், அடுக்கில் மடித்து வைத்திருக்கும் புடவையின் விளிம்பை மட்டும் பார்த்து உருவித் தருபவர். வீட்டுக் கூடத்து வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் வழியாகப் படம் ஓடியது. அண்ணனும் தங்கையும் விடியலில் தூங்கி எழுந்து, பாட்டு ஒலிக்க, சோம்பல் முறித்து அறைக்குள் நடமாடும் அந்தத் தொடக்கத்தை மாமா வாயே திறக்காமல் பார்த்தார். பிறகு கேட்டார்: “அந்தச் சுவரு பச்சையாப்பா, நீலமா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படத்தை நிறுத்திவிட்டு எழுந்து சுவரருகே போய்ப் பார்த்தேன். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, மயில்கழுத்தும் இல்லை. நிழல் விழுந்த மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நெளிந்துகொண்டிருந்தன. கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூசியிருந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்திலும் சுவரின் நிறமே கொஞ்சம் வழிந்திருந்தது. மாமா தானாகவே தீர்ப்புச் சொன்னார்: “சாயம் போன துணி. நம்ம கடையா இருந்தா மறுநாளே திருப்பிக் கொண்டாந்து மேசையில போட்டிருப்பாங்க.”

வியட்நாமிய மொழியில் பச்சைக்கும் நீலத்துக்கும் ‘ஸான்’ என்ற ஒரே சொல்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ‘மரத்து இலை ஸான்’ என்றும், ‘வானத்துத் தோல் ஸான்’ என்றும் சொல்வார்கள். இரண்டு நிறத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக்கொண்டு கண்ணால் பிரித்தறியும் மக்களைப் பற்றிய படத்தில், நீங்கள் அந்த இரண்டையும் ஒன்றாகவே கலக்கிவிட்டீர்கள். மொழிக்கு இவ்வளவு விசுவாசமான ஒரு வட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இது ஏன் நேர்கிறது என்பதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் என்னைவிட நன்றாக அறிவார்கள். இருந்தாலும், வாங்குபவனுக்கு ஒன்றும் புரியாது என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். டிவிடியின் ஒரு சட்டகத்தில், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்தில், 720-க்கு 480 புள்ளிகள், அதாவது சுமார் மூன்றரை லட்சம். அதிலும் வெளிச்சத்தின் அளவுதான் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகப் பதிவாகிறது; நிறம் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பதிவாகிறது. ஆக, மாமா பார்த்த சுவரின் நிறத்துக்கும் அந்த அறைக்கும் அந்த முகங்களுக்கும் சேர்த்து மொத்தம் 86,400 நிறப் புள்ளிகள். புளூ-ரேயிலும் இதே நாலுக்கொன்று கணக்குதான்; ஆனால் அங்கே படப்புள்ளிகளே இருபது லட்சத்துக்கு மேல் என்பதால் நிறத்துக்கு மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகக் கிடைக்கும். போதாக்குறைக்கு, டிவிடிக்கான பழைய நிறக் கணக்கில் பதிந்ததை இன்றைய உயர்தரக் கருவி தன் புதிய கணக்காக எண்ணிப் படித்துவிட்டால், முதலில் இடம் மாறுவது பச்சைதான். நல்ல கருவி வாங்கியவனுக்குத் தண்டனை என்று இதை எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

நீங்கள் நினைத்தால் இவ்வளவையும் சரி செய்ய முடியும். மூல நெகட்டிவிலிருந்து தொடங்கினால் போதும்.

இதே இயக்குநரின் முதல் படமான ‘தி சென்ட் ஆஃப் கிரீன் பப்பாயா’, 1993-இல் கான் விழாவில் அறிமுக இயக்குநருக்கான தங்கக் கேமரா விருது பெற்ற படம், பாரிஸுக்கு அருகில் ஒரு படப்பிடிப்பு அரங்குக்குள் சைகோனை எழுப்பி எடுக்கப்பட்டது. இந்தப் படத்துக்கோ அவர் ஹனோய்க்கே போனார். அந்த ஊரின் கோடை வெளிச்சத்தைப் படம் பிடித்தவர் தைவானைச் சேர்ந்த மார்க் லீ பிங்-பின். அதே 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரும் அவரே. அந்தப் படம் 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டு வந்தபோது, புதிய நிறம் பச்சைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமைதான் வந்தது. நீங்கள் விற்ற வட்டை வைத்துக்கொண்டு அப்படி ஒரு சண்டைகூடப் போட முடியாது; பச்சை எங்கே என்று தேடவே நேரம் சரியாக இருக்கிறது.

சப்டைட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வியட்நாமியர் பேசும்போது ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பதிலாக உறவுச் சொற்களையே பயன்படுத்துவார்கள் என்பதால், மொழிபெயர்ப்பு கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணனுக்கு ‘ஆன்’, தங்கைக்கு ‘எம்’. காதலனும் காதலியும், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வதும் இதே ‘ஆன்’, ‘எம்’ என்றுதான். ஒரே வீட்டில் வசிக்கும் இந்த அண்ணனையும் தங்கையையும் பார்ப்பவர்கள் ஜோடி என்று நினைத்துக்கொள்வதில் தங்கைக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி என்பதே படத்தின் மெல்லிய வேடிக்கை. அந்த வேடிக்கை முழுவதும் இந்த இரண்டு சொற்களின் மேல்தான் நிற்கிறது. உங்கள் ஆங்கில வரிகளில் எல்லாமே ‘நான்’, ‘நீ’ ஆகிவிட்டது. அண்ணாச்சி என்பதற்கும் அத்தான் என்பதற்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்த மாமாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவேண்டியிருந்தது. விளக்கியதும் அவர் சிரித்த சிரிப்பு, வட்டிலேயே கிடைத்திருக்க வேண்டிய சிரிப்பு. புதிய பதிப்பில் ஒரு சிறு குறிப்பாவது சேர்க்க இயலுமா என்று பாருங்கள்.

வேறு நாட்டில் வெளியான பதிப்பை வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பகுதியில் விற்ற வட்டு இன்னொரு பகுதியின் கருவியில் ஓடாதபடி மண்டலக் குறியீடு என்று ஒன்றை ஏற்படுத்தியது உங்கள் தொழில்தான். டிவிடியில் வியட்நாம் மூன்றாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். புளூ-ரேயில் அவர்கள் ஏ, நாங்கள் சி. காசு கொடுத்து வாங்கிய வட்டு காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள் போய், இந்த மண்டலத்தில் ஓடாது என்று ஒரு வரி காட்டிவிட்டு வெளியே வரும். ஐரோப்பியத் தர டிவிடி என்றால் இன்னொரு கொடுமை. நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படம் அங்கே 25 சட்டகமாக ஓடுவதால், 112 நிமிடப் படம் நான்கு நிமிடத்துக்கும் அதிகமாகச் சுருங்கிவிடும், பாட்டுக் குரலும் ஒரு பிடி ஏறிவிடும். யாருமே அவசரப்படாத ஒரு படத்தில் வட்டு மட்டும் எந்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

வாங்க ஆள் இல்லை என்ற காரணத்துக்கு மீண்டும் வருகிறேன். இந்த இயக்குநர் 2023-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றவர். அந்த விருதைத் தந்த ‘தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’ என்ற அவருடைய சமையல் படத்தைப் பார்த்தவர்கள், இதற்கு முன் என்ன எடுத்தார் என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். வந்தவர்களுக்கு நீங்கள் நீட்டுவது சாயம் போன துணி. கார்கள் வெடித்துப் பறக்கும் படங்களுக்குத் தகரப் பெட்டியில் ஒன்று, அட்டைப் பெட்டியில் ஒன்று, பொம்மையோடு ஒன்று என்று ஆண்டுக்கொரு பதிப்பு போட ஆள் இருக்கிறது; மூன்று சகோதரிகளும் ஒரு சுவரும் இருக்கும் படத்துக்கு ஒரே ஒரு பதிப்பு போட ஆள் இல்லை. இருபது ஆண்டுகளாகச் சரக்கையே மாற்றாமல் வைத்திருந்துவிட்டு, கடைக்கு யாரும் வருவதில்லை என்று சொல்வதை எந்த வியாபாரக் கணக்கில் எழுதுகிறீர்கள்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். மூல நெகட்டிவிலிருந்து புதிய ஸ்கேன் வேண்டும். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். 35 மி.மீ. படச்சுருளுக்கே இயல்பான மணிமணியான பொடியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்து முகங்களை மெழுகாக்கிவிடாதீர்கள். சப்டைட்டிலை வேண்டாதபோது அணைக்க முடிய வேண்டும். மண்டலப் பூட்டு இல்லாமல் வெளியிட்டால் மெத்தச் சந்தோஷம்.

முன்பதிவு என்று அறிவித்தால் அன்றே பணம் கட்டத் தயாராக இருக்கிறேன். எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. அவர் இன்னமும் தொலைபேசியில் அந்தச் சுவரைப் பற்றித்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்