பழவந்தாங்கல் ஸ்டேஷன்காரர்களுக்கு என் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாகப் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான்தான். நோட்டு நிறைந்துவிட்டது. வண்டி வருகிற அவசரத்திலும் நின்று பதில் சொன்ன உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா இங்கேயிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர். இப்போது முழங்கால் சரியில்லை, படி ஏற முடியாது. "நான் போன வண்டியைப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சு எழுதி, படிச்சுக் காட்டுடா" என்று ஒருநாள் கேட்டார். அவ்வளவுதான் ஆரம்பம். எனக்குத் தெரிந்ததோ ரொம்பக் கொஞ்சம். 1931-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார வண்டி விட்டது, இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே அகலமுள்ள பாதையில், ஓடிய முதல் மின்ரயில் அதுதான், இந்த இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த வரிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நன்றி, மின்சார வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மோட்டார்மேன் சாருக்கு. பரங்கிமலைப் பக்கத்து பெஞ்சில் மூன்று சாயங்காலம் எனக்காக உட்கார்ந்தீர்கள். ஆரம்பத்தில் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிகள் 1967-இல் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின என்று நான் எங்கோ படித்திருந்தேன், ஆனால் அப்படி என்றால் என்ன என்பது நீங்கள் சொல்லித்தான் புரிந்தது. வோல்டேஜ் குறைவாக இருந்தால் அதே சக்தியை எடுக்க நிறைய கரண்ட் இழுக்க வேண்டும், அதற்குத் தடித்த கம்பியும் அடுத்தடுத்து சப்-ஸ்டேஷனும் வேண்டும், வோல்டேஜை ஏற்றினால் இரண்டும் குறையும். இதைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ரயிலை வைத்துச் சொல்லியிருந்தால் அப்போதே மண்டையில் ஏறியிருக்கும். அப்புறம், வண்டி ஓட்டும்போது விடாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய அந்தக் கைப்பிடி விஷயம். ஓடும் வண்டியில் மோட்டார்மேன் மயங்கி விழுந்து பிடி தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, உங்கள் வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினீர்களே, கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போன அந்த இடத்தை. அதையும் எழுதியிருக்கிறேன் சார்.

டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் மேடத்துக்கு நன்றி. கூட்டம் இல்லாத மதிய நேரம் பார்த்து வரச் சொல்லி, மாத சீசன், மூன்று மாத சீசன் வித்தியாசத்திலிருந்து மொபைலில் எடுக்கும் டிக்கெட் வரை பொறுமையாகச் சொன்னீர்கள். பெரியவர்கள் சிலர் மெஷினில் டிக்கெட் எடுக்கத் தெரியாமல் திரும்பி வரும்போது நீங்கள் முகம் சுளித்து நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நங்கநல்லூர் பக்கம் படிக்கட்டருகே பூ விற்கும் அக்கா, உங்கள் பங்கு சின்னதில்லை. யாரிடம் கேட்கலாம் என்று ஆள் காட்டியதே நீங்கள்தான். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்தப் பக்கம் சுற்றி வரவேண்டும் என்று ஊருக்கே வழி சொல்வதும் நீங்கள்தான், அந்த வேலைக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

கண் தெரியாத அந்தத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் எழும்பூர் வரை போகிறவர். வண்டிக்குள் அறிவிப்பு கேட்காவிட்டாலும் ஸ்டேஷன் தெரிந்துவிடும் என்றார். கிண்டியில் கூட்டம் மொத்தமாக இறங்கும் அரவம், சைதாப்பேட்டைக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் மாறும் சக்கரச் சத்தம், திரும்பி வரும்போது தலைக்கு மேலே தாழ்வாகப் போகும் விமானம். அவர் பக்கத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பாலத்தை மட்டும்தான் என்னால் பிடிக்க முடிந்தது.

சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். 2004-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்றுபோனது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பின்னாடி பெட்டியில இருக்கிற கார்டு ரெண்டு பெல் அடிச்சாத்தான் வண்டி கிளம்பும், அதை எழுதினியா?" என்றார். எழுதவில்லை. மோட்டார்மேன் சார் சொல்லியும் விட்டுப்போயிருந்தது. அங்கேயே ஓரத்தில் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக, பழைய அட்டை டிக்கெட்டைக் கொடுத்து உதவிய மாமிக்கு. இரண்டு விரல் அகலம், மங்கிய பழுப்பு நிறம், ஓரத்தில் பரிசோதகர் போட்ட ஓட்டை, தேதி அச்சு மட்டும் அழுத்திய பள்ளமாக இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கல்யாணமான புதிதில் மாமாவோடு கடற்கரைக்குப் போன டிக்கெட் என்றீர்கள். அதை முன்பின் தெரியாத என் கையில் கொடுத்து அனுப்பினீர்களே, அதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை மாமி. அப்பா அதை இரண்டு நாள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து கொடுத்துவிடுகிறேன்.