பாண்டிச்சேரி வாடகை ஸ்கூட்டர்: எந்த லைசென்ஸ்ல ஓட்டுறீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் லீவு வந்தா சிங்கப்பூர்ல இருக்க நம்மாளுங்க பாதி பேரு சென்னையிலதான். கல்யாணம் காதுகுத்துன்னு போற எடத்துல நடுவுல ஒரு சனி ஞாயிறு கிடைச்சா நேரா ஈசிஆர்ல பாண்டிச்சேரி, போன உடனே ஒரு ஸ்கூட்டர வாடகைக்கு எடுத்து அந்த மஞ்ச சுவர் தெருவெல்லாம் சுத்தி போட்டோ. தப்பு சொல்லல, நானும் சுத்துனவன்தான், நல்லாத்தான் இருக்கும். ஆனா கார் லைசென்ஸ் மட்டும் வச்சிருக்க நம்ம பசங்க ஸ்கூட்டர் எடுக்கறத பாத்தா பக்குன்னு இருக்கு.

இங்க கிளாஸ் 3, அதாவது கார் லைசென்ஸ், வச்சிருக்கவங்க ஸ்கூட்டர தொட முடியுமா? சின்ன பைக்குக்கான டூ பி லைசென்ஸ் எடுக்கணும்னா தியரி பாஸ் பண்ணணும், சர்க்கியூட்ல எட்டு போடணும், அந்த குறுகலான பலகை மேல கால் ஊனாம போகணும், அதுலயே விழுந்து விழுந்து எந்திரிச்சவங்க எத்தனை பேரு. அங்க போனா மட்டும் "கியர் இல்லாத வண்டிதானே மாமா"ன்றான் என் அக்கா பையன். ரெண்டு ஊர்லயும் இடது பக்கந்தான் ஓட்டுறோம், அதுல வர்ற தைரியம் வேற.

இந்தியாவுல ஓட்ட இன்டர்நேஷனல் பெர்மிட் வேணும். இங்க கிளம்பறதுக்கு முன்னாடியே ஆட்டோமொபைல் அசோசியேஷன்ல எடுக்கணும், ஒரு வருஷம் செல்லும். ஆனா கார் லைசென்ஸ காட்டி எடுத்தா அதுல கார் பிரிவுக்கு மட்டுந்தான் முத்திரை விழும், பைக்குக்கு விழாது. பயணக் காப்புறுதி பேப்பர எடுத்து படிச்சு பாருங்க, முறையான லைசென்ஸ் இல்லாம ஓட்டி அடிபட்டா பணம் கிடையாதுன்னு பெரும்பாலும் போட்டிருக்கும். ஆஸ்பத்திரி பில்லு நம்ம தலையிலதான்.

நாங்க எடுத்த கடையில லைசென்ஸ திருப்பி கூட பாக்கல, பாஸ்போர்ட்ட குடுத்துட்டு போங்கன்னாங்க (குடுக்காதீங்க, காப்பி போதும்னு பேசுங்க). ஹெல்மெட் ஒண்ணு குடுத்தாங்க, வார இழுத்தா கொக்கி நிக்கவே இல்ல. பின்னாடி உக்கார்றவருக்கு கேட்டா "இங்க யாரு சார் புடிக்க போறா"ன்னு சிரிப்பு. சட்டப்படி அங்கயும் ரெண்டு பேருக்குமே ஹெல்மெட் கட்டாயம். வண்டியோட நம்பர் பிளேட்டயும் பாத்துக்கங்க, வாடகைக்கு விட அனுமதி உள்ளதுன்னா கருப்புல மஞ்ச எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட்னா யாரோ ஒருத்தரோட சொந்த வண்டி, அதை வேண்டாம்னு சொல்லிடுங்க.

சனி ஞாயிறுல கூட்டம் எப்படின்னா, சென்னை பெங்களூர் காரெல்லாம் அங்கதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை எம்.ஜி. ரோட்டுல சந்தை, வண்டிய உருட்டத்தான் முடியும். சாயந்திரம் 6 மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, அதனால அத்தனை பேரும் பக்கத்து தெருவுல பார்க்கிங் தேடி குறுக்க மறுக்க திரும்புவாங்க. இங்க சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல சைக்கிள் மிதிச்ச பழக்கத்தோட அதுக்குள்ள எறங்கிடாதீங்க.

உங்க பேப்பர்ல டூர் விளம்பரம் பக்கம் பக்கமா வருதே, ஹோட்டல் சாப்பாடு எல்லாம் போடறாங்க, பெர்மிட் பத்தி ஒரு வரி சேக்க சொல்லலாமே. லீவுக்கு முன்னாடியே போட்டா பெர்மிட் எடுக்க டைம் இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்